நாவில் ஒரு முடிச்சு

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் சிதம்பரத்தில் வணிகவியல் இறுதியாண்டு படிக்கிறார். தேர்வுகளில் வகுப்பின் முதல் ஐவருக்குள் வருபவர். இவ்வாண்டு கல்லூரிக்கு ஆள் தேடி வந்த மூன்று நிறுவனங்களின் எழுத்துத் தேர்விலும் தேறியிருக்கிறார். மூன்றிலும் அடுத்த கட்டமான குழு உரையாடலில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். "எனக்குப் பேச வராது உம்மா. வாப்பா நிற்கும் கடையிலேயே போய் நின்றுகொள்கிறேன்" என்று இப்போது சொல்கிறாராம். வாப்பா வளைகுடா நாடொன்றில் துணிக்கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நிற்பவர். மகன் அங்கு வந்து நிற்கக் கூடாது என்பதற்காகவே நின்றவர். "ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா?" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

சகோதரியே, சேர்க்கலாம். ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை வேறு இருக்கிறது. அதைச் சொல்லவே இம்மாதப் பக்கங்களை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தைப் போன்றே நெல்லிக்குப்பத்திலும் லால்பேட்டையிலும் கடலூர் முதுநகரிலும் எழுதப்படாத கடிதங்கள் பல இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

உங்கள் மகனுக்குப் பேச வராது என்பது உண்மையாக இருக்க முடியாது. கடைத்தெருவில் நண்பர்களோடு நின்றால் அவர் பேசுவார், பந்தாட்டத்தைப் பற்றி வாதிடுவார், தங்கையிடம் சண்டையிடுவார். அங்கெல்லாம் அவிழ்ந்திருக்கும் நாக்கு, ஐந்தாறு அந்நியர் முன்னால் அமர்ந்தவுடன் முடிச்சிட்டுக்கொள்கிறது. ஏன்?

தமிழ் மாணவனுக்கு ஒரு தனிச் சுமை உண்டு. அவனிடம் இருப்பது ஒரு தமிழன்று, இரண்டு. வீட்டில் பேசுவது ஒன்று, ஏட்டில் எழுதுவது மற்றொன்று. 'வந்துட்டுப் போனாங்க' என்று பேசுகிறவன் 'வந்துவிட்டுப் போனார்கள்' என்று எழுதவேண்டும். மேடையில் ஏறினாலோ, இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று வேண்டியிருக்கிறது: எழுத்துத் தமிழைப் போல் திருத்தமாகவும், பேச்சுத் தமிழைப் போல் உயிரோட்டமாகவும் உள்ள ஒன்று. பள்ளியில் இதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் விடைத்தாளில் எழுதியே தேறிவிடுகிறோம். ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசச் சொல்லி நமக்கு யாரும் மதிப்பெண் இட்டதில்லை. இந்த நிலையில் கல்லூரிக்குள் நுழைந்தவுடன் ஆங்கிலமும் வந்து நிற்கிறது. மூன்று மொழி வாசல்களுக்கு நடுவே நின்று எந்த வாசலில் நுழைவது என்று தெரியாமல் மாணவன் மௌனமாகிறான். பார்ப்பவர்கள் அதைக் கூச்சம் என்கிறார்கள்; சிலர் அறிவுக் குறைவு என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

எனவே முதல் வேலை, இருக்கும் தமிழை வாய்க்குக் கொண்டுவருவது. தாய்மொழியில் ஐந்து நிமிடம் கோவையாகப் பேசத் தெரியாதவனுக்கு ஆங்கிலத்தில் பேச இருநூறு வாக்கியங்களை மனப்பாடம் செய்வித்தாலும், இருநூற்று ஓராவது வாக்கியம் தேவைப்படும் இடத்தில் அவன் நின்றுவிடுவான். எண்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் பழக்கம் ஒரு மொழியில் வந்துவிட்டால் மற்றொன்றுக்கு அதை எடுத்துச் செல்லலாம். முப்பது நாளில் சரளமாகப் பேச வைப்பதாகச் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழில் மேடைப் பேச்சும் உரைநடையும் இன்றுள்ள வடிவத்துக்கு வந்த வரலாற்றில் இந்தக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அந்த மண்ணில் இருந்துகொண்டே நம் பிள்ளைகள் பேச வராது என்கிறார்கள்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிறித்தவப் பாதிரிமார் மக்களை நேரே பார்த்து நிகழ்த்திய பிரசங்க முறையை அருகிருந்து கண்டவர் அவர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். அந்த முறையையே தம் சமயத்துக்காக எடுத்துக்கொண்டு 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதல் பிரசங்கம் செய்தார். இரண்டாண்டுக்குள் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' என்னும் பட்டத்தை அளித்தது. கற்றோர் மட்டும் கூடும் அவையில் பாட்டுக்கு உரை சொல்வதே தமிழில் பேச்சு என்றிருந்த நிலை மாறி, எல்லோரும் கேட்கும்படி உரைநடையில் பேசுவது ஒரு கலையாக வளரத் தொடங்கிய காலம் அது. அவரே 1864இல் சிதம்பரத்துக்கு வந்து சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். நிறுத்தற்குறிகள் இட்டுத் தெளிவான உரைநடை எழுதும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் அவர் முன்னணியில் நிற்பவர். பேசியவரும் எழுதியவரும் ஒருவரே என்பதைக் கவனியுங்கள்.

கடலூருக்கு வந்தால் திருப்பாதிரிப்புலியூர். அங்கு திருக்கோவலூர் ஆதீன மடத்தின் தலைவராக இருந்தவர் ஞானியார் அடிகள் (1873-1942). பதினேழு வயதை எட்டுமுன்பே மடத்தின் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மறைமலையடிகளும் திரு.வி.க.வும் போற்றிய சொற்பொழிவாளர் அவர். மடத்தின் உள்ளேயே இருந்துவிடாமல் வாணி விலாச சபை என்றொரு சபையைக் கூட்டி, அங்கே தமிழ் பேசவும் கேட்கவும் இடம் செய்தார். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றியபோது அதற்கு ஊக்கமாக இருந்தவர்களில் அவரும் ஒருவர். ஒலிப்பதிவு இல்லாத காலமாதலால் அவர் பேச்சில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது. அதே திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த ஒரு குழந்தைதான் பிற்காலத்தில் புதுமைப்பித்தன் என்ற பெயரில் தமிழ்ச் சிறுகதையை வேறு தளத்துக்குக் கொண்டுபோனது.

நம் சமுதாயத்தின் பங்கும் இங்குண்டு. வள்ளல் சீதக்காதியின் மறைவுக்குப்பின் உமறுப்புலவர் சீறாப்புராணத்தைத் தொடர்வதற்குக் கைகொடுத்த அபுல்காசிம் மரைக்காயர், மகுமூது பந்தர் என்று அந்நாளில் வழங்கிய பரங்கிப்பேட்டையைச் சேர்ந்தவர். வீராணம் ஏரிக்கரையில் லால்பேட்டையில் இருக்கும் மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆலிம்களை உருவாக்கிவருகிறது. அரபிக் கல்லூரிகளைப் பற்றி இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். நம் கல்லூரி மாணவர்கள் மதரஸா மாணவர்களைச் சற்றுக் குறைவாக எண்ணும் வழக்கம் இருக்கிறது. ஆனால் பல அரபிக் கல்லூரிகளில் வாரந்தோறும், பெரும்பாலும் வியாழன் இரவில், மாணவர் மன்றம் கூடும். ஒவ்வொருவரும் முறைவைத்து எழுந்து பேசியாகவேண்டும். பதின்மூன்று வயதுப் பையன் கால் நடுங்க நின்று இரண்டு நிமிடம் பேசி உட்காருவான். மூத்த மாணவன் பிழையைச் சொல்வான். அடுத்த மாதம் மறுபடி அவன் முறை வரும். ஏழாண்டுப் படிப்பு முடிந்து வெளியே வரும்போது ஆயிரம் பேர் அமர்ந்த ஜும்ஆவில் மிம்பரில் ஏறத் தயங்காதவனாக அவன் இருப்பதற்கு அதுவே காரணம். பட்டப்படிப்புக்குச் செல்லும் நம் பிள்ளைக்கு மூன்றாண்டில் ஒரு முறையேனும் அப்படி நிற்கும் வாய்ப்பு அமைகிறதா?

அமைத்துக்கொள்ளவேண்டும். அதற்குத்தான் கல்லூரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தோன்றியபோது மாணவர்கள் அங்கேயே தங்கிப் பயிலும் பல்கலைக்கழகமாக அமைந்தது. வகுப்பு முடிந்த பிறகும் விடுதி, மன்றம், மாலைக் கூட்டம் என்று பேச்சு தொடர்ந்தது. முதல் தமிழ்ப் பேராசிரியராக ஈழத்திலிருந்து விபுலானந்த அடிகள் வந்தார். அவருக்குப்பின் நாவலர் சோமசுந்தர பாரதியார் தலைமையேற்றார். பாரதியாரின் பேச்சுக்கு எத்தனை வலிமை என்பதற்கு ஒரு சான்று: இயற்பியல் பயில வந்த அ.ச. ஞானசம்பந்தன் என்ற இளைஞர் அவருடைய தூண்டுதலால் தமிழுக்கு மாறி, பின்னாளில் தமிழகமறிந்த பேச்சாளரும் நூலாசிரியரும் ஆனார். 1940களின் தொடக்கத்தில் இங்குத் தமிழ் பயின்ற இரா. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் மாணவப் பருவத்திலேயே மேடையேறி, பின்னர் அரசியலில் பேச்சாலேயே அறியப்பட்டார்கள். அக்காலத்தில் மீலாது விழா மேடைகள் பல ஊர்களில் சமயம் கடந்து எல்லோரும் வந்து பேசும் இடமாக இருந்ததையும் முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரியாரும் அண்ணாவும் ஏறிய மேடைகள் அவை.

ஆயினும் இரண்டு பேரை மட்டும் சற்று நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். அவர்களிடமிருந்து ஒரு மாணவன் எடுத்துக்கொள்ளத்தக்கது மிகுதி.

ஒருவர் ரா.பி. சேதுப்பிள்ளை. 1930 முதல் ஆறாண்டுகள் அண்ணாமலையில் ஆசிரியராக இருந்து, பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவர். 'சொல்லின் செல்வர்' என்று நாடு அழைத்தது. தமிழுக்கெனச் சாகித்திய அகாதெமி தந்த முதல் பரிசு, 1955இல், அவருடைய 'தமிழ் இன்பம்' என்ற கட்டுரை நூலுக்கே கிடைத்தது. அவர் பேசியது எழுத்துப் போலிருக்கும்; எழுதியது பேச்சுப் போலிருக்கும். எதுகையும் மோனையும் தாமாக வந்து விழும். இந்த இடத்தில் மாணவர்களை எச்சரிக்கவும் வேண்டும். அவரிடமிருந்த புலமையைப் பெறாமல் அந்த அடுக்குமொழியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் தமிழ்நாட்டு மேடைகளில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் ஏழு சொற்களை வரிசையாக வீசுவார்கள், கைத்தட்டல் கிடைக்கும், வீடு திரும்பும்போது என்ன சொன்னார் என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவிராது. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் இந்த நோய் இன்னும் தீரவில்லை. நடுவர்களும் அதற்கே பரிசு தருகிறார்கள் என்பது என் குறை.

மற்றவர் வ.ச. சீனிவாச சாஸ்திரியார். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதரின் மகனாக 1869இல் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர், 1907இல் அவ்வேலையை விட்டுக் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். பின்னர் உலக நாடுகளின் சங்கத்திலும் வாஷிங்டன் மாநாட்டிலும் இந்தியாவுக்காகப் பேசினார். தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முகவராக இருந்தபோது, அங்குள்ள இந்தியப் பிள்ளைகளின் கல்விக்காக டர்பன் நகரில் அவர் பெயராலேயே ஒரு கல்லூரி எழுந்தது. ஆங்கிலேயரே அவரை வெள்ளி நாவினர் என்றனர். கிராமத்துத் தமிழ்ப் பிள்ளை ஒருவர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் செவிசாய்க்கும்படி பேசக் கற்றார் என்பது, ஆங்கிலம் நகரத்து வசதிக் குடும்பங்களுக்கே வரும் என்று நினைக்கும் நம் மாணவர்கள் அறியவேண்டிய செய்தி. அவர் எழுதிய கடிதங்களும் அவ்வாறே சிறந்தவை. பின்னாளில் நூலாகத் தொகுக்கப்பட்டன.

காந்தியடிகளின் சத்திய சோதனையின் ஆங்கில மொழிபெயர்ப்பில் மொழிநடையை ஒரு பெரியவர் கவனமாகத் திருத்திக் கொடுத்தார். தம் பெயரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தப் பெரியவர் சாஸ்திரியாரே என்று பரவலாகக் கருதப்படுகிறது. அந்த நூலிலோ, காந்தியடிகள் தம் நாவின் கூச்சத்தைப் பற்றி மறைக்காமல் எழுதியிருக்கிறார். பாரிஸ்டர் பட்டத்தோடு பம்பாய்ச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கில் எழுந்து நின்றவர், குறுக்கு விசாரணைக்கு ஒரு கேள்வியும் தோன்றாமல் உட்கார்ந்துவிட்டார். வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். பிற்காலத்தில் அந்தக் கூச்சமே சொற்களை அளந்து பேசக் கற்றுத்தந்தது என்று நன்றியோடு சொல்கிறார். எண்ணிப் பாருங்கள்: நாவில் வெள்ளி படிந்தவர் திருத்திய நூல், நா எழாதவருடைய வரலாறு. இருவரில் யார் பேச்சுக்கு நாடு எழுந்து நடந்தது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. சொல்வதற்கு ஒன்று இருப்பவன் திக்கிச் சொன்னாலும் கேட்பார்கள்.

நாவின் முடிச்சு நமக்குப் புதிதான செய்தியும் அன்று. ஃபிர்அவ்னின் அவைக்குச் செல்லப் பணிக்கப்பட்ட மூஸா (அலை) அவர்கள், தம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படியும் தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாக்கும்படியும் இறைவனிடம் வேண்டியதைத் திருமறையில் ஓதுகிறோம். தேர்வுக்குப் போகுமுன் அந்த துஆவைச் சொல்லிக்கொள்ளும் பிள்ளைகள் பலர். அதில் இரண்டாவது பகுதியையும் கவனிக்கலாம். தனியே பயிலாமல் ஒரு துணையோடு பயில்வது எளிது.

இனிச் செயலுக்கு வருவோம். மாணவர் ஒருவர் நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். அதில் பாதியை வாய்விட்டுப் படிப்பதற்குத் தரட்டும். கண்ணால் படிப்பது வேறு, குரலெடுத்துப் படிப்பது வேறு. நாளிதழின் தலையங்கமோ நல்ல கட்டுரையோ எதுவாயினும், வீட்டில் ஒருவர் கேட்கும்படி படிக்கவேண்டும். கண்பார்வை குறைந்த பாட்டனாரோ பாட்டியோ இருந்தால் அதைவிடச் சிறந்த அவை இல்லை; புரியாவிட்டால் உடனே 'என்ன சொன்னாய்?' என்று கேட்டுவிடுவார்கள். லகர ளகர ழகரமும், ரகர றகரமும் இவ்வாறு படிக்கும்போதுதான் திருந்துகின்றன. மூச்சை எங்கே நிறுத்துவது என்பதும் அப்போதுதான் பிடிபடுகிறது. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லையென்றால் எழுதியவர் நீட்டிவிட்டார் என்று பொருள். நாம் எழுதும்போது அது நினைவுக்கு வரும்.

படித்து முடித்ததும் தாளை மூடி வைத்துவிட்டு, அதில் என்ன சொல்லப்பட்டது என்பதை இரண்டு நிமிடத்தில் சொந்தச் சொற்களில் சொல்லிப் பார்க்கவேண்டும். முதல் வாரம் மிகக் கடினமாக இருக்கும். மூன்றாவது வாக்கியத்திலேயே சரக்குத் தீர்ந்துவிடும். விடக் கூடாது. குழு உரையாடலில் கேட்கப்படுவதும் இந்தத் திறமைதான்: ஒன்றைக் கேட்டு வாங்கி, சுருக்கி, தன் கருத்தை அதோடு சேர்த்துச் சொல்வது. அங்கே முதலில் பேச முந்தவேண்டியதில்லை. மற்றவர் இருவர் பேசியதைத் தொட்டு, 'அவர் சொன்னதில் இந்தப் பகுதி சரி, இந்தப் பகுதிக்கு ஒரு மறுப்பு உண்டு' என்று தொடங்குகிறவன் கவனிக்கப்படுவான். கூச்சமுள்ளவர்களுக்கு இது வசதியான நுழைவாயில். பிறர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் அவர்களே.

மீதிப் பாதி நேரம் எழுத்துக்கு. நாள்தோறும் ஒரு பக்கம் போதும். எதைப் பற்றி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு என் விடை, கண்ணால் கண்டதைப் பற்றி. 'இயற்கையின் எழில்' வேண்டாம். காலையில் கடலூர்த் துறைமுகத்தில் மீன் ஏலம் எப்படி நடக்கிறது, நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டி தெருவை எப்படி அடைக்கிறது, பிச்சாவரம் உப்பங்கழியில் படகோட்டி துடுப்பை எப்படிப் பிடிக்கிறார் என்று எழுதட்டும். கண்டதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தபின் கருத்தைச் சொல்லலாம். எழுதியதை ஒருநாள் கழித்து எடுத்து, பெயரடைகளில் பாதியை அடித்துவிடவேண்டும்.

பிழை பார்ப்பதற்கு ஒரு துணை வேண்டும் என்றேன். 'சுவற்றில்' என்று எழுதுகிறோம். சுவர் என்ற சொல்லில் றகரம் இல்லை, ஆகவே 'சுவரில்' என்பதே சரி. 'முயற்சிக்கிறேன்' என்கிறோம், 'முயல்கிறேன்' என்ற நல்ல சொல் இருக்கிறது. வல்லெழுத்து எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் பட்டதாரிகளே தடுமாறுகிறார்கள். இவற்றை இலக்கண நூலிலிருந்து மட்டும் கற்க முடியாது. பிறர் எழுதியதைத் திருத்திப் பழகவேண்டும். இதற்கு மிகச் சிறந்த சான்று கடலூரிலேயே இருக்கிறது. 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சென்னையில் பொதுவுடைமைக் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, அச்சகத்தில் அச்சுக்கோத்தும் மெய்ப்புத் திருத்தியும் பிழைத்தவர். ஒவ்வோர் எழுத்தாகக் கையால் எடுத்து அடுக்குகிறவனுக்கு ஒரு சொல்லின் எடை தெரிந்துவிடுகிறது. இரவில் தலைவர்கள் விவாதிப்பதைக் கேட்டது அவருக்குப் பேச்சுப் பள்ளியாயிற்று. 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது வரை சென்ற அவர், எழுத்துக்கு எவ்வளவு பெயர் பெற்றாரோ அவ்வளவு பேச்சுக்கும் பெயர் பெற்றார். கல்லூரி வாசலையே மிதியாத ஒருவர் பெற்றதை, நூலகமும் ஆசிரியரும் விடுதித் தோழரும் வாய்த்த மாணவர்கள் பெற முடியாது என்றால் அதை யார் நம்புவார்?

இவையெல்லாம் வேலைவாய்ப்புக்காக மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். திங்கட்கிழமைதோறும் கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர், கல்வி உதவி என்று மனுக்களோடு வருகிறார்கள். வாசலருகே மனு எழுதித் தருவோரைச் சூழ்ந்து ஒரு கூட்டம் நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாத தாய் அங்கே நிற்பதில் வியப்பில்லை. பட்டம் பெற்ற மகனும் கூடவே நின்று, காசு கொடுத்து அந்தத் தாளை வாங்கித் தருகிறானே, அதுதான் மனத்தை உறுத்துகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் கிள்ளைக் கரையையும் பரங்கிப்பேட்டைப் பகுதியையும் அடித்துச் சென்றது. 2011 டிசம்பர் 30 தானே புயல் இம்மாவட்டத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்தது. 2015 இறுதியில் வெள்ளம். ஒவ்வொரு முறையும் இழப்பைச் சொல்லி நிவாரணம் கேட்க ஒரு தாள் தேவைப்பட்டது. யாருக்கு, எங்கே, எப்போது, எவ்வளவு இழப்பு, என்ன வேண்டுகிறோம் என்பதை முதல் ஐந்து வரியில் சொல்லும் மனு படிக்கப்படும். 'ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு' என்று தொடங்கி இரண்டு பக்கம் அழும் மனு அடியில் போகும். தேதி, புல எண், குடும்ப அட்டை எண், இணைத்திருக்கும் நகல்களின் பட்டியல், கீழே கையொப்பம், கையில் ஒரு படி, அலுவலகத்தில் கொடுத்ததற்குப் பெற்ற ரசீது. இந்த ஒரு பக்கத்தை எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை தெருவுக்கு ஒருவர் இருந்தால் அத்தெருவே பயன்பெறும். கல்லூரி மாணவர்கள் தம் மஹல்லாவில் மாதம் ஒருநாள் உட்கார்ந்து இலவசமாக மனு எழுதித் தரலாம். எழுதுபவனுக்கும் அதைவிட நல்ல பயிற்சி இல்லை. பொய்க்கும் பூச்சுக்கும் அங்கே இடமில்லை.

பெண் மக்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை அரைகுறையாகும். மகன் பேசவில்லையென்று கவலைப்படும் வீடுகள், மகள் பேசாதிருந்தால் அடக்கம் என்று மகிழ்கின்றன. அடக்கம் வேறு, ஊமைத்தனம் வேறு. நம் கடற்கரை ஊர்களில் அந்நாள் பாட்டிமார் பலர் பள்ளிக்கூடம் போனதில்லை. மக்கள்தொகைக் கணக்கில் எழுத்தறிவற்றோர் என்றே பதிந்திருப்பார்கள். ஆனால் அரபுத்தமிழில் அவர்கள் படித்தார்கள், எழுதினார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்ற கணவன்மாருக்குக் குடும்பச் செய்தி, கணக்கு வழக்கு, கோபம், ஏக்கம் அனைத்தும் தம் கையாலேயே எழுதி அனுப்பினார்கள். வாப்பா என்றழைக்கும் வீட்டிலும் அத்தா என்றழைக்கும் வீட்டிலும் இன்று பேத்தி முதுகலை படிக்கிறாள். கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வாய்ப்பு வந்தால் வேறொருத்தியிடம் கொடுத்துவிடுகிறாள். வீட்டு விவகாரத்தில் அவள் கருத்தைக் கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருப்பது பெற்றோர் செய்யக்கூடிய உதவி. உணவு விரிப்பைச் சுற்றி அமரும் நேரத்தில் பேச்சைத் தொடங்கிவைக்கலாம். பேசும் பிள்ளையின் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கும் அண்ணன்மாரை மட்டும் அடக்கிவையுங்கள். பல நாக்குகள் வீட்டுச் சிரிப்பிலேயே முடிச்சிட்டுக்கொண்டவை.

கைபேசியைப் பற்றியும் கேட்பீர்கள். குரல்பதிவு அனுப்பும் வசதி வந்தபின் நான்கு வரி எழுதும் பழக்கமும் குறைந்துவிட்டது. இப்போது கேட்டவுடன் கட்டுரையும் விண்ணப்பமும் எழுதித் தரும் கணினிச் செயலிகள் வந்திருக்கின்றன. அவற்றிடம் பிழை பார்க்கச் சொல்வதில் தவறில்லை. முழுவதையும் எழுதி வாங்குகிறவர், அடுத்த நாள் நேர்காணலில் 'இதில் நீங்கள் எழுதியிருப்பதை விளக்குங்கள்' என்று கேட்கும்போது என்ன செய்வார் என்பதை யோசிக்கட்டும். அதே கைபேசியில் தம் இரண்டு நிமிடப் பேச்சைப் பதிவுசெய்து கேட்பது மிகுந்த பயன்தரும். 'வந்து', 'அதாவது', 'என்னன்னா' என்பவை எத்தனை முறை வருகின்றன என்று எண்ணினால் முதல்நாள் திடுக்கிடுவார்கள். பத்து நாளில் பாதியாகக் குறையும்.

மேடையேறும் நாள் வந்தால், முழு உரையையும் எழுதிப் பார்த்துவிட்டு அதை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். கையில் ஒரு சிறு தாள், அதில் ஐந்தாறு சொற்கள் போதும். மனப்பாடம் செய்தவன் ஒரு சொல் தவறினால் முழுவதையும் இழப்பான்; பொருளை அறிந்தவன் வேறு சொல்லால் கடந்துபோவான். தலைவர் முதல் பொருளாளர் வரை பெயர் சொல்லி விளித்து மூன்று நிமிடத்தைத் தீர்க்கவேண்டாம். உரையைச் சுருக்குவதை அறிவின் அடையாளமாக நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஜும்ஆ மேடையில் கேட்டிருக்கிறோம். சில நேரங்களில் மிக நீண்ட உரைகளின் நடுவே. ஐந்து நிமிடம் தந்தால் நான்கில் முடிப்பவனை அடுத்த கூட்டத்துக்கும் அழைப்பார்கள்.

பரங்கிப்பேட்டைச் சகோதரியின் மகனுக்கும் அவர் வயதொத்த மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இவ்வாரம் கண்ணால் கண்ட ஏதேனும் ஒன்றைப் பற்றி, முன்னூறு சொற்களுக்கு மிகாமல், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், வரிகளுக்கிடையே திருத்த இடம் விட்டு எழுதி அனுப்புங்கள். அனுப்புமுன் வீட்டில் ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கவேண்டும். யாருக்குப் படித்துக் காட்டினீர்கள், அவர் எந்த இடத்தில் 'புரியவில்லை' என்றார் என்பதையும் கீழே குறிப்பிடுங்கள். தபால்தலை ஒட்டிய உறையை உடன் வைத்தால், திருத்தங்களோடு தாளைத் திருப்பி அனுப்புகிறேன்.